காண்டிகையும் கைடும்

தமிழ் கற்பிக்கும் எங்களிடையே 'நோட்ஸ்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. மாணவன் மூலத்தைத் தொடாமல் உரையை மட்டும் உருப்போட்டு வந்து நிற்கிறான் என்பது ஆசிரியர் அறைகளின் நிரந்தரப் புலம்பல். புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் அதே நோட்ஸின் தோளில் ஏறிக் கல்லூரிக்குள் வந்த முதல் தலைமுறையினர் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. வழிகாட்டி நூலுக்கு நம் மொழியில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கல்லூரி நுழைவுத் தேர்வு எந்த இடத்தில் வந்து குறுக்கிட்டது, குறுக்கிட்டபின் என்ன ஆயிற்று என்பதைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் பழைய கதை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாகப் பிரிக்கிறார். கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றைக் கொண்டு சூத்திரத்தின் பொருளைச் சுருங்க விளக்குவது காண்டிகை. விரித்து ஆராய்வது விருத்தி. இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு பத்தாம் வகுப்புத் தமிழ் நோட்ஸைத் திறந்து பாருங்கள். பாடலின் பொருள், அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, வினா, விடை என எல்லாம் இருக்கும். காகிதம் மட்டமாக இருக்கலாம், அட்டையில் தாமரைப்பூ இருக்கலாம். ஆனால் குலம் காண்டிகையின் குலந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியதும், இலக்கண வினாவிடையை இயற்றியதும், பள்ளிக்கூடம் நடத்திய ஒருவருக்கு இருந்த தேவையிலிருந்து பிறந்தவை. உரை என்பது பண்டிதருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஆசிரியர் அருகில் இல்லாத நேரத்தில் மாணவனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குரல் அது.

அந்தக் குரலோடு தேர்வு என்ற ஒன்று சேர்ந்தது 1857க்குப் பிறகு. அவ்வாண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தத் தொடங்கியது. இன்று அந்தச் சொல் ஒருவகைப் பள்ளியின் பெயராக எஞ்சியிருக்கிறது. அன்று அதன் பொருள் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் தகுதித் தேர்வு என்பதே. நம் முதல் கல்லூரி நுழைவுத் தேர்வு அதுதான். குறிப்பிட்ட பாடப்பகுதி, குறிப்பிட்ட நாள், அச்சிட்ட வினாத்தாள், முகம் தெரியாத தேர்வாளர் என்று எல்லாம் புதிது. திண்ணைப் பள்ளியிலோ மடத்திலோ பாடம் கேட்டவனுக்கு இப்படி ஓர் அனுபவம் இருந்ததில்லை. பாடப்பகுதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதும், அதற்கான உரையும் குறிப்பும் விற்பனைப் பொருளாயின.

இந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற கைடு கதை கொள்ளிடத்துக்கு அக்கரையில், கும்பகோணத்தில் நடந்தது. 1903இல் பதினைந்து வயது இராமானுஜன் கையில் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு ஒன்று கிடைக்கிறது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் பெரிய கணித மேதை அல்லர். இலண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்த தனிப்பயிற்சியாளர். நம் வழக்கில் சொன்னால் டியூஷன் வாத்தியார். 1880களில் வெளிவந்த அவருடைய நூல் ஆயிரக்கணக்கான தேற்றங்களையும் சூத்திரங்களையும் வரிசையாக எண்ணிட்டுத் தரும் ஒரு தேர்வுக் குறிப்பேடு. பலவற்றுக்கு முழு நிறுவல் இருக்காது. கோடு காட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்தக் குறையே இராமானுஜனுக்கு வாய்ப்பாயிற்று. விடுபட்ட நிறுவல்களைத் தானே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். அவ்வாண்டு இறுதியில் மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பில் தேறி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நடந்ததும் தெரிந்ததே. கணிதம் தவிர வேறெதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். தேர்வுக்காக எழுதப்பட்ட ஒரு கைடு ஒரு மேதையை உருவாக்கிற்று; அதே மேதையைத் தேர்வு வெளியே தள்ளிற்று. இதிலிருந்து பொதுவிதி எதையும் நான் பெற முயலவில்லை. இராமானுஜனை வைத்துப் பொதுவிதி காண்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். வழிகாட்டி நூல் என்றாலே மட்டம் என்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்பதால் சொன்னேன்.

தமிழில் இந்த வகையின் உச்சம் திருச்சியில் நிகழ்ந்தது. தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட 'கோனார் தமிழ் உரை', ஒரு நூலின் பெயர் என்ற நிலையைக் கடந்து பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. எதற்காவது விளக்கம் கேட்டால் "இதற்கு ஒரு கோனார் நோட்ஸ் போடவேண்டும்" என்று இன்றும் சொல்கிறோம். வேறெந்த உரையாசிரியருக்கும் இந்தப் பேறு வாய்த்ததில்லை. பரிமேலழகரை மேடையில் மேற்கோள் காட்டுவார்கள். கோனாரைத்தான் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அவருடைய உரையில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். சொல்லைப் பிரிக்கும்போது அவசரம் இராது. புணர்ச்சி விதியைச் சொல்லிவிட்டு ஏன் இந்த இடத்தில் அது பொருந்துகிறது என்றும் சொல்லும். கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியர் பணியிடம் ஓராண்டு முழுக்கக் காலியாக இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் தமிழில் தேறியது இப்படித்தான்.

ரஞ்சன்குடியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிற எவர் கண்ணிலும் படும் கோட்டை. 1751இல் ஆங்கிலேயர் தரப்பும் பிரெஞ்சுக்காரர் தரப்பும் மோதிக்கொண்ட இடம். அகழி இன்றும் இருக்கிறது. போர் முடிந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அங்கே இறங்கிப் பார்ப்பவர் குறைவு. சுற்றிலும் மானாவாரி நிலம்: சோளம், பருத்தி, பிற்காலத்தில் மக்காச்சோளம், சின்ன வெங்காயம். பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தின் பகுதி. மாவட்டத் தலைநகரான பிறகும் அதற்கு ரயில் வரவில்லை. அரியலூருக்கு ரயில் உண்டு. ஆனால் அரியலூர் தனி மாவட்டமாவதும், திரும்பச் சேர்க்கப்படுவதும், மறுபடி 2007இல் பிரிக்கப்படுவதுமாக இருந்தது. கல்லூரி, பெரிய புத்தகக் கடை, அச்சகம் எல்லாம் திருச்சியில். ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது நெடுஞ்சாலை வழியாகப் பேருந்தில் வந்து சேர்கிற ஒரு பொருள். யாராவது திருச்சிக்குப் போனால் நோட்ஸ் வாங்கி வருவார்கள். அதை அண்ணன் படித்து, தங்கை படித்து, பக்கத்து வீட்டுப் பையன் படிப்பான். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டு மூன்றாவது பெயர் எழுதப்பட்ட நோட்ஸ்கள் என்னிடமும் உண்டு.

அப்படிக் கைமாற முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எந்த நூலுக்கு அது உரையோ அந்த நூல் எல்லோரிடமும் இருந்தது. அரசுப் பாடநூல் மலிவாகவோ விலையின்றியோ கிடைத்தது. அதே பாடம் பள்ளியில் நடந்தது. தேர்வு அதிலிருந்தே வந்தது. ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பாடத்திட்டம் மாறியது. மூலம் பொதுவாக இருந்ததால் உரைக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றவை இதன் விளைவுகள்.

பி.யு.சி. போய், 1978இல் பதினோராம் வகுப்பு தொடங்கி, 1980இல் முதல் ப்ளஸ் டூ தேர்வு நடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984–85 கல்வியாண்டிலிருந்து மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய அத்தேர்வின் கணக்கு பலருக்கு நினைவிருக்கும்: ப்ளஸ் டூ பாடங்களிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக மொத்தம் 300. 'கட் ஆஃப்' என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் புகுந்தது அப்போதுதான். அரைப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் இலக்கணத்தில் இல்லாத மதிப்பு, 'அரை மார்க்', 'கால் மார்க்' வடிவில் கிடைத்தது.

கைடு சந்தையிலும் ஒரு புதிய வகை பிறந்தது. 'என்ட்ரன்ஸ் கைடு'. இதன் உள்ளமைப்பு காண்டிகையைப் போன்றதல்ல. காண்டிகையில் வினா என்பது படிப்பவனின் ஐயம். "இஃது எவ்வாறு பொருந்தும் எனின்" என்ற தொனியில் உரையாசிரியரே மாணவன் சார்பாகக் கேட்டு, மாணவன் சார்பாகவே விடை காண்பார். என்ட்ரன்ஸ் கைடில் வினா தேர்வாளருடையது. நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். அத்தியாயத்தின் கடைசியில் எண்ணும் எழுத்தும் மட்டும் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். ஏன் 'ஆ' சரி, ஏன் 'இ' தவறு என்று சொல்லும் கைடுகள் விலை கூடியவை. ஒரு வினாவுக்கு இத்தனை நொடி, எந்த இரண்டு விடைகளை முதலில் விலக்குவது என்பவை கற்பிக்கப்பட்டன. இதுவும் ஒரு திறமையே, மறுக்கவில்லை. ஆனால் இத்திறமையைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளர்த்துக்கொள்வது கடினம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வு நடத்த ஓர் ஆள் வேண்டும். கைடு பயிற்சி மையத்தின் துணைப்பொருளாக மாறியது இதனால்தான்.

ஆயினும் அந்தக் காலத்தில் ஒரு பிடி விட்டுவைக்கப்பட்டிருந்தது. வினாக்கள் மாநில ப்ளஸ் டூ பாடத்திலிருந்தே வந்தன. மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் பள்ளித் தேர்வுக்கே இருந்தது. பாடநூலை வரிவிடாமல் படித்தவன் முழுவதும் தோற்றுவிடமாட்டான். நகரத்துப் பிள்ளைகளுக்கே இத்தேர்வு சாதகம் என்ற குறை வளர்ந்துகொண்டே போயிற்று. 2005இல் அ.தி.மு.க. அரசு அதை நீக்க முயன்றது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின்பேரில் சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் 2007இல் அது நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எதிரெதிரான இரு கட்சிகள் ஒரே வேலையை அடுத்தடுத்துச் செய்தது நம் அரசியலில் அபூர்வம்.

அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளைப் பற்றி இருவிதமாகவும் பேசலாம். மதிப்பெண் வேட்டை உச்சத்துக்குப் போயிற்று. நாமக்கல் வட்டார உறைவிடப் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டையே இரண்டு ஆண்டு நடத்தின. கைடில் உள்ள விடையை ஒற்றும் புள்ளியும் மாறாமல் எழுதுவது கல்வியாகிவிட்டது. இவற்றை நியாயப்படுத்த என்னிடம் ஒன்றுமில்லை. பின்னால் நேர்ந்ததில் இதற்கும் பங்குண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் பெரம்பலூரில் வேறொன்றும் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது, பாட்னாவின் 'சூப்பர் 30' பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளிகளிலிருந்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்து, ஓரிடத்தில் தங்கவைத்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே ப்ளஸ் டூவுக்குத் தயார் செய்தார்கள். அவர்களில் சிலர் மருத்துவக் கல்லூரிக்கும், சிலர் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். பாட்னாவில் பயிற்சி ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு, பெரம்பலூரில் பள்ளிப் பாடத்துக்கு. பள்ளிப் பாடமே நுழைவாயிலாக இருந்ததால் அரசுப் பள்ளி ஆசிரியரும் பாடநூலும் கையிலிருந்த கைடும் போதுமானவையாக இருந்தன.

நீட் வந்தது இந்தச் சூழலில். முதல் தேர்வு 2013 மே மாதம். அவ்வாண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2016க்கு மட்டும் அவசரச் சட்டத்தால் தமிழ்நாட்டுக்கு விலக்கு. 2017 தொடக்கத்தில் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. மே மாதம் தேர்வு நடந்தது. ஆகஸ்டில்கூட இன்னோர் ஆண்டு விலக்கு கிடைக்கும் என்ற பேச்சு தொடர்ந்தது. ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா அந்த வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டவர். தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. ப்ளஸ் டூவில் 1200க்கு 1176. மருத்துவக் கட் ஆஃப் 200க்கு 196.75. பழைய கணக்கில் இடம் உறுதி. நீட்டில் 720க்கு 86. தீர்ப்பு வந்து பத்து நாட்களில், செப்டம்பர் 1 அன்று, அவர் இறந்தார். அவரைப் பற்றி அன்று எழுதப்பட்டவற்றுள் 1176, 86 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவது எண்ணே உண்மையான அறிவு, முதலாவது மனப்பாடம் என்று தீர்ப்புச் சொன்னவை சில உண்டு. அவை இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. இரண்டும் இரு வேறு நூல்களிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளுக்கான மதிப்பெண்கள். ஒன்றை அரசே அவர் கையில் கொடுத்துப் பன்னிரண்டு ஆண்டு படிக்கச் சொன்னது. மற்றொன்று மத்தியப் பாடத்திட்டத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளைத் தழுவியது. அதற்கான நல்ல கைடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நகரத்துக் கடைகளில். பத்தாண்டுக்கு மேல் மாற்றப்படாத மாநிலப் பாடநூலுக்கும் அதற்கும் இருந்த இடைவெளியை ஒரு பதினேழு வயதுப் பெண் சில மாதங்களில், விலக்கு வருமா வராதா என்று தெரியாத நிலையில், தனியே நிரப்பியிருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 முதல் நீட்டைத் தமிழிலும் எழுதலாம் என்றானது. 2018 தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததாக நாடாளுமன்ற உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஜூலையில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, நவம்பரில் நீக்கிவிட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது தேர்வின் விதி. உரைமரபில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். பாடவேறுபாடு இருந்தால் இரண்டையும் காட்டி எது சிறந்தது என்று வாதிடுவார் உரையாசிரியர். இங்கே தமிழ்ப் பாடம் தொடக்கத்திலேயே தோற்றுவிட்ட பாடம். ஆங்கிலம் தெரியாததால் தமிழில் எழுதுகிற மாணவர் ஆங்கில வினாவை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லை. வட்டாரந்தோறும் இலவசப் பயிற்சி மையங்கள் திறக்கப்பட்டன. பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2018இலிருந்து புதிய பாடநூல்கள் வந்தன. அனந்தகிருஷ்ணனே அந்தப் பாடத்திட்டக் குழுவுக்கும் தலைவர். நுழைவுத் தேர்வை நீக்கப் பரிந்துரைத்தவர் பத்தாண்டு கழித்து, இன்னொரு நுழைவுத் தேர்வைத் தாங்கும் பாடநூலை வடிவமைக்க நேர்ந்தது. அந்த நூல்கள் கனமானவை, பொருளிலும் எடையிலும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து மருத்துவம் போகும் பிள்ளைகளில் பலரும் இன்று அந்த வாசல் வழியாகவே போகிறார்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கை, தமிழ்வழி மாணவர் சேர்க்கை நீட்டுக்குப் பின் எவ்வளவு சரிந்தது என்பதை ஆண்டுவாரியாகக் காட்டுகிறது.

கைடுகள் மாறிவிட்டன. நீட் கைடு கைமாறுவது அரிது. ஆண்டுதோறும் 'கடந்த ஆண்டு வினாக்களுடன்' என்று புதுப்பதிப்பு வருகிறது. அக்கா படித்தது தம்பிக்குப் பழசு. பயிற்சி மையங்கள் தம் குறிப்புகளைத் தாமே அச்சிட்டுத் தம் மாணவர்களுக்கு மட்டும் தருகின்றன. கட்டணம் கட்டாதவன் கண்ணில் அது படாது. கோனார் உரையைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம், காசில்லாவிட்டால் இரவல் வாங்கலாம். 2022இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கும் பொது நுழைவுத் தேர்வு வந்தபின், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு படிக்க விரும்பும் பிள்ளையும் கைடு தேடுகிறது. மருத்துவத்தோடு நின்றுவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் அதற்கு இடமில்லை.

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்குள்ள அரங்கத்துக்கு மறு ஆண்டு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. 2022 ப்ளஸ் டூ தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டில் மாநில முதலிடம் பெரம்பலூருக்கு. 2025இல் முதலிடம் அரியலூருக்கு, 98.82 விழுக்காடு. பேருந்தில் நோட்ஸ் வரவழைத்துப் படித்த அதே மானாவாரிப் பூமி. அந்தத் தேர்வில் எடுத்த மதிப்பெண், குறைந்தபட்சத் தகுதியைக் காட்டுவதற்கு அப்பால், மருத்துவக் கலந்தாய்வின் தரவரிசையில் எங்கும் கூட்டப்படுவதில்லை.